292 டாலருக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸுக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர், ஊர், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நான்கு பக்கக் கடிதம். சாரம் இதுதான்.

வயது 36. கணவரின் வேலை வழியாக 2018இல் கிரீன் கார்டு வந்தது. குழந்தைகள் இருவர், எட்டு வயதும் நான்கு வயதும். இருவரும் அங்கேயே பிறந்தவர்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் வேறு மாநிலத்தில் வேலை என்று போன கணவர் திரும்பவில்லை. மூன்று மாதமாகப் பணமும் வரவில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு சம்பாதித்த கொஞ்சமும் போன மாதத்தோடு நின்றுவிட்டது. அரசின் மாத உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தவரை, போதைப்பொருள் பற்றிய கேள்விகள் தடுத்து நிறுத்திவிட்டன. காரணம், நான்கு வாரத்துக்கு முன்னால் நடந்த ஒரு விஷயம். "மூன்று ராத்திரி கண்ணை மூடவில்லை. தோழி ஒருத்தி 'கம்மி' என்கிற, கஞ்சா கலந்த மெல்லும் மிட்டாய் ஒன்று கொடுத்தாள். இங்கே கடையிலேயே விற்கிறார்கள், சட்டப்படி தப்பில்லை என்றாள். பாதியைக் கடித்துத் தூங்கினேன். வாழ்க்கையில் அந்த ஒரே முறைதான்."

அவர் கேட்பவை: சோதனையில் தெரிந்துவிடுமா? குழந்தைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களா? இந்தச் சோதனையே செல்லாது என்று ஃப்ளோரிடா கோர்ட் சொல்லியிருக்கிறதாமே, மறுத்துவிடலாமா? உணவு வாங்க அரசு தரும் ஃபுட் ஸ்டாம்புக்கும் இதே சோதனையா? குருமாவில் போடும் கசகசாவே மாட்டிவிடும் என்கிறார்களே, நிஜமா? சிட்டிசன்ஷிப் கெட்டுவிடுமா? கடைசியாக ஒரு வரி: "எங்கள் வீட்டில் யாரும் கை நீட்டியதில்லை. பேசாமல் விட்டுவிடட்டுமா?"

சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன். விட்டுவிட வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே விண்ணப்பத்தில் கேட்கவும் வேண்டாம். நீங்கள் பயப்படுவது சிறுநீர்ச் சோதனைக் கோப்பைக்கு. நான் பயப்படுவது அதற்கு முன்னால் வரும் கேள்வித்தாளுக்கு. நீங்கள் குடியுரிமை இல்லாதவர் என்பதால் இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

எதற்குச் சோதனை, எதற்கு இல்லை

உங்கள் கடிதத்தில் "அரசு உதவி" என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். அதை முதலில் பிரித்துவிடுவோம். போதைப்பொருள் சோதனை வருவது டேன்ஃப் என்கிற மாதாந்திரப் பண உதவிக்கு. 1996 ஆகஸ்டில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம்தான் பழைய உதவித் திட்டத்தைக் கலைத்து இதைக் கொண்டுவந்தது. உதவி பெறுபவர்களைச் சோதிக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்ததும் அதே சட்டம். எல்லா மாநிலமும் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. உங்கள் மாநிலம் 2011இல் தனிச் சட்டம் போட்டுப் பயன்படுத்திக்கொண்டது.

ஃபுட் ஸ்டாம்ப் வேறு கதை. அதன் தகுதி விதிகளை மத்திய அரசு வகுக்கிறது. மாநிலம் தன் இஷ்டத்துக்கு ஒரு நிபந்தனையைச் சேர்க்க முடியாது. 2014இல் ஜார்ஜியா மாநிலம் சேர்த்துப் பார்த்தது. மத்திய வேளாண் துறை கூடாது என்று சொல்லிவிட்டது. போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்குத் தனி விதிகள் உண்டு; அதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுக்கும் சோதனை கிடையாது. நான்கு வயதுச் சின்னவருக்குப் பாலும் முட்டையும் தானியமும் தரும் விக் திட்டத்துக்கும், பெரியவருக்குப் பள்ளியில் கிடைக்கும் இலவச மதிய உணவுக்கும் இல்லை.

ஆகவே, உங்கள் வீட்டுச் சாப்பாடும் மருந்தும் இந்தச் சோதனையோடு கட்டப்பட்டவை அல்ல. கட்டப்பட்டிருப்பது ரொக்கம் மட்டும். அந்த ரொக்கம் எவ்வளவு தெரியுமா? மிசௌரியில் மூன்று பேர் குடும்பத்துக்கு அதிகபட்சம் மாதம் 292 டாலர். வாழ்நாளில் மொத்தம் 45 மாதம்தான் வாங்கலாம். செயின்ட் லூயிஸ் பக்கம் ஒரு படுக்கையறை வீட்டு வாடகையில் பாதிகூட வராது. இத்தனை கேள்வி கேட்டுவிட்டு இவ்வளவுதானா என்று எனக்கே ஒவ்வொரு முறையும் தோன்றும். சரி, இருந்தாலும் அது டயபருக்கும் பஸ்ஸுக்கும் போன் பில்லுக்கும் ஆகிற காசு. ஃபுட் ஸ்டாம்பால் சோப்புகூட வாங்க முடியாது.

"பிள்ளைகளுக்கு மட்டும் பணம் கேட்டு, என்னை விட்டுவிட முடியாதா?" என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருக்கிற, தகுதியுள்ள தாயோ தகப்பனோ விண்ணப்பத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்பது டேன்ஃபின் பொது விதி. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் நீங்கள் தகுதியுள்ளவர். அந்த ஐந்து வருடம் ஆகாதவர்களுக்குத்தான் நீங்கள் சொல்லும் வழி.

அந்தச் சோதனை எப்போது வரும்

விண்ணப்பிக்கிற எல்லோரையும் மிசௌரி சோதிப்பதில்லை. முதலில் கேள்விகள் வரும். பதில்களைப் பார்த்து, சந்தேகப்பட நியாயமான காரணம் இருக்கிறது என்று அலுவலகம் நினைத்தால்தான் சோதனை. 2014இல் சுமார் 39,000 பேர் விண்ணப்பித்ததில் சோதனைக்கு உள்ளானவர்கள் 446 பேர். அதில் பாசிட்டிவ் 48. இதற்காக அந்த வருடம் ஒதுக்கிய தொகை மூன்று லட்சம் டாலருக்கு மேல்.

சோதனையின் வடிவத்தையும் சட்டமே சொல்கிறது: சிறுநீர், ஐந்து பேனல் டிப்ஸ்டிக். கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து பட்டைகள். வழக்கமாக கஞ்சா, கொக்கெய்ன், அபின் வகை, ஆம்ஃபெட்டமைன், பிசிபி ஆகிய ஐந்தும் இருக்கும். எப்போதாவது ஒரு முறை கஞ்சா எடுத்தவரின் சிறுநீரில் அது பெரும்பாலும் சில நாள்தான் தெரியும். மாதக்கணக்கில் தினமும் எடுப்பவர்களுக்குத்தான் வாரக்கணக்கில் தங்கும். பாதி கம்மி, நான்கு வாரம் என்கிறீர்கள். இது மருத்துவ வாக்குறுதி இல்லை. ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு இதில் விஷயம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இணையத்தில் விற்கும் "கழுவிவிடும்" பானங்கள் பக்கம் போகாதீர்கள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவதும் வேண்டாம். நீர்த்துப்போன மாதிரியே ஒரு சந்தேகத்தைக் கிளப்பும். ஒன்றுமில்லாத இடத்தில் ஏன் ஒரு திருட்டுத்தனம்?

கசகசா விஷயம் நிஜம்தான்

என் வீட்டில் தேங்காயோடு இரண்டு ஸ்பூன் கசகசா அரைக்காமல் குருமா இறங்காது. அதனால் இந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கசகசா அபின் செடியின் விதை. விதைக்குள் போதை கிடையாது. ஆனால் காயைக் கீறும்போதும் அறுவடையின்போதும் வடியும் பால் மேலே ஒட்டிக்கொள்வதால் மார்ஃபினும் கோடீனும் கொஞ்சம் இருக்கும். கழுவினால் குறையும், வேகவைத்தால் இன்னும் குறையும், அடியோடு போய்விடும் என்று சொல்ல முடியாது.

அமெரிக்க அரசு வேலைகளுக்கான சோதனையில் அபின் வகைக்கு முதலில் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். பேக்கரி மஃபின் சாப்பிட்டவர்களெல்லாம் மாட்டிக்கொண்டதால் 1998இல் அதை 2000 ஆக உயர்த்தினார்கள். அப்படியும் 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, கசகசாவைத் தொடாதீர்கள் என்று தன் படைவீரர்களுக்குச் சொல்ல வேண்டிவந்தது. டிப்ஸ்டிக்குகளில் இரண்டு வரம்பிலும் சரக்கு உண்டு. உங்களுக்கு எது வரும் என்பது அவர்கள் வாங்கி வைத்திருப்பதைப் பொறுத்தது.

ஆகவே இந்தப் பஞ்சாயத்து முடியும்வரை கசகசா டப்பாவைப் பரண்மேல் ஏற்றுங்கள். குருமாவுக்கு முந்திரியோ பொட்டுக்கடலையோ போதும். கடை மஃபின், மேலே கறுப்பு விதை தூவிய பேகல் இரண்டும் வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்தோ, பல் பிடுங்கியபோது கொடுத்த வலி மாத்திரையோ எடுத்திருந்தால் மருந்துச்சீட்டை எடுத்து வையுங்கள். ஊரிலிருந்து அம்மா அனுப்பும் லேகியம், சூரணம் எல்லாவற்றிலும் மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்து சிபிடி எண்ணெய் என்று விற்பதிலும் கஞ்சாவின் போதைப் பொருள் கலந்திருக்கலாம்.

டிப்ஸ்டிக்கில் கோடு மாறி வந்தால் அதுவே தீர்ப்பு இல்லை. அந்த அட்டை ஒரு குடும்பத்து ரசாயனங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. எந்த ரசாயனம், எவ்வளவு என்று ஆய்வகத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவியில் போட்டால்தான் தெரியும். அந்த உறுதிச் சோதனையை வாயால் கேட்டால் போதாது. எழுதிக் கேளுங்கள், தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்துவிடலாமா?

ஃப்ளோரிடா பற்றி நீங்கள் வாட்ஸாப்பில் படித்தது சரி. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு சரியில்லை.

அங்கே 2011 ஜூலையில், ரிக் ஸ்காட் ஆளுநராக இருந்தபோது, டேன்ஃப் கேட்கும் ஒவ்வொருவரும் சிறுநீர் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சந்தேகம் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே கிடையாது. செலவும் விண்ணப்பதாரர் கையிலிருந்து. நெகட்டிவ் வந்தால் திருப்பித் தருவார்களாம். கையில் காசில்லை என்று வருபவரிடம் முதலில் காசு வை என்று சொன்ன சட்டம்! லூயிஸ் லெப்ரோன் என்ற முன்னாள் கடற்படை வீரர், சிறு பையனைத் தனியாக வளர்த்துக்கொண்டு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர், கொடுக்க முடியாது என்று வழக்குப் போட்டார். அக்டோபரில் நீதிபதி மேரி ஸ்க்ரிவன் தடை விதித்தார். அதற்குள் சோதிக்கப்பட்ட 4,046 பேரில் பாசிட்டிவ் 108 பேர், நூற்றுக்கு சுமார் 2.7. 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உதவி கேட்டு வந்தவர் என்பதாலேயே ஒருவரை அரசு சந்தேகப்பட முடியாது. காரணமில்லாமல் உடலைச் சோதிப்பதை அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் தடுக்கிறது. இதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் ஃப்ளோரிடா, ஜார்ஜியா, அலபாமாவோடு சரி. மிசௌரி வேறு வட்டாரம். உங்கள் வட்டார நீதிமன்றமும் 2016இல், மிசௌரியின் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று புதிதாகச் சேரும் மாணவர் எல்லோரையும் கண்மூடித்தனமாகச் சோதித்ததைத் தடுத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் இந்த இரண்டு வழக்கிலும் அடிபட்டது "எல்லோரும் கொடு" என்ற விதி. உங்கள் மாநிலச் சட்டத்தை எழுதியவர்கள் "சந்தேகம் இருந்தால்" என்று ஒரு படி வைத்துவிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அது இன்னும் நிற்கிறது.

மறுப்பதற்கு அங்கே விலையும் அதிகம். வரச் சொன்ன பிறகு போகாமல் இருந்தாலும், மறுத்தாலும், பாசிட்டிவ் வந்தவரைப் போலவே நடத்துவார்கள்: மூன்று வருடம் ரொக்க உதவி கிடையாது. பாசிட்டிவ் வந்தவரானாலும் மறுத்தவரானாலும், குழந்தைகள் நலப் பிரிவுக்கு அலுவலர் தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பாதி கம்மிக்காக நீங்கள் மறுத்தால், இல்லாத ஒன்றுக்கு நீங்களே ஒரு கோப்பு திறந்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

குழந்தைகளைக் கொண்டுபோய்விடுவார்களா என்ற பயத்துக்கு வருகிறேன். ஒரு டிப்ஸ்டிக் கோட்டை மட்டும் வைத்து யாரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. குழந்தைக்கு ஆபத்து இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். யாராவது வந்தால் மரியாதையாகப் பேசுங்கள், பெயரையும் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள், வக்கீலோடு பேசிவிட்டு விவரமாகச் சொல்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பணமும் அப்படித்தான். தாய் தகுதி இழந்தாலும் பிள்ளைகள் பங்கு நிற்காது. பொறுப்பான வேறொருவர் கையில் கொடுத்துப் பிள்ளைகளுக்குச் செலவழிக்க வைப்பார்கள். சிகிச்சையில் சேர்ந்தவருக்கு அந்தக் காலத்தில் உதவி தொடரும். அதை முடித்து, ஆறு மாதம் சுத்தமாக இருந்தால் மூன்று வருடத் தடையும் வராது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நிர்வாக விசாரணை உண்டு. நோட்டீஸ் வந்தால் பயந்து ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிடாதீர்கள். விசாரணை கேட்க 90 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

குடியுரிமை இல்லாதவருக்கு மட்டும் வரும் சிக்கல்

இப்போது எனக்கு உண்மையில் கவலை தரும் இடம்.

உங்கள் தோழி சொன்னது அவருக்குச் சரி. 2022 நவம்பரில் மக்கள் வாக்களித்து மிசௌரியில் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கஞ்சா சட்டப்பூர்வமானது. தோழி குடியுரிமை உள்ளவராக இருந்தால் கடையில் வாங்கித் தின்றுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மத்திய சட்டத்தில் அது இன்னும் தடைசெய்யப்பட்ட பொருள். குடிவரவு முழுக்க மத்திய சட்டம். மாநிலத்தில் சட்டப்படி சரியாக இருந்தாலும் எங்களுக்கு அது மீறல்தான் என்று குடிவரவுத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. ஒரே கம்மி உங்கள் தோழிக்கு இனிப்பு, உங்களுக்கு வழக்கு.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அளவு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். இதற்காக உங்களை நாடு கடத்த வேண்டுமென்றால் கோர்ட்டில் தண்டனை பெற்றிருக்க வேண்டும். உங்களுக்கு வழக்கே கிடையாது. குடியுரிமைக்கான நன்னடத்தை விதியிலும் 30 கிராமுக்குள் கஞ்சா வைத்திருந்த ஒற்றைச் சம்பவத்துக்கு விலக்கு உண்டு. சிக்கல் வேறு இடத்தில். வெளிநாடு போய்த் திரும்பும் கிரீன் கார்டுக்காரர், போதைப்பொருள் சட்டத்தை மீறியதாகத் தானே ஒப்புக்கொண்டிருந்தால், புதிதாக உள்ளே வருகிறவர் போல அவரை நிறுத்திக் கேள்வி கேட்க இடமிருக்கிறது. தண்டனை வேண்டியதில்லை, ஒப்புதல் போதும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, டிசம்பரில் மதுரை போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

உதவி அலுவலகத்துப் படிவத்தில் "ஆம்" என்று ஒரு கட்டத்தில் குறித்தாலே அந்த அளவு ஒப்புதல் ஆகிவிடுமா? ஆகாது என்று வாதிட நல்ல இடம் உண்டு. அந்தக் கோப்புகளுக்கு ரகசியப் பாதுகாப்பும் உண்டு. ஆனாலும் பின்னாளில் உங்கள் வக்கீல் வாதாட வேண்டிய காகிதத்தை இன்று நீங்கள் எழுதாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

அதற்காக "இல்லை" என்று பொய்யும் எழுதாதீர்கள். அந்தப் படிவம் உறுதிமொழிக் கையெழுத்தோடு போகிறது. பொய்யாக வாங்கிய உதவி மோசடி. சிட்டிசன்ஷிப் பேட்டியில் சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும் பொய், கஞ்சாவைவிட மோசமாக உங்களைக் கவிழ்க்கும். கேள்வியின் சொற்களை வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறது, "சட்டவிரோதமாக" என்று கேட்கிறதா, மிசௌரியில் சட்டப்பூர்வமான ஒன்று அந்தச் சொல்லுக்குள் வருமா என்பதையெல்லாம் பார்த்துத்தான் பதில் எழுத வேண்டும்.

ஆகவே நீங்கள் எடுக்கக்கூடிய மூன்றாவது வழி, டேன்ஃப் விண்ணப்பத்தை மட்டும் வக்கீலைப் பார்க்கும்வரை நிறுத்தி வைப்பது. இரண்டு வாரம் தள்ளினால் சுமார் 140 டாலர் போகும். வலிக்கும்தான். ஆனால் டிசம்பரில் விமான நிலையத்தில் தனி அறையில் உட்கார்ந்து பதில் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தக் கம்மி பாக்கெட்டை தோழிக்கு போட்டோ எடுத்து அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். திரும்பி வரும்போது எல்லையில் போனைத் திறந்து பார்க்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. இனிமேல் இதைப் பற்றி வாட்ஸாப்பில் ஒரு வார்த்தையும் வேண்டாம். பத்திரிகைக்கு எழுதிய கடிதமும் வக்கீல் ரகசியத்துக்குள் வராது. உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன், அடுத்த முறை அடையாள விவரங்களோடு எனக்குக்கூட எழுதாதீர்கள்.

"பணம் வாங்கினால் அரசுக்குப் பாரம் என்று முத்திரை குத்துவார்களாமே?" இது நம்மவர்களிடம் அதிகம் புழங்கும் பயம். அந்தக் கணக்குப் பெரும்பாலும் கிரீன் கார்டு கேட்கும்போது வருகிறது. கையில் கார்டு உள்ளவர் சிட்டிசன்ஷிப் கேட்கும்போது அந்தக் கேள்வி இல்லை. 2022 விதிப்படி ஃபுட் ஸ்டாம்பும் சாதாரண மெடிக்கெய்டும் அதில் சேராது. ரொக்க உதவிதான் சேரும். ஆட்சி மாறினால் இந்த விதியும் மாறும் ரகம் என்பதால் வக்கீலிடம் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது பயண நாள் கணக்கு. 180 நாளுக்கு மேல் வெளியே தங்கினால் திரும்பும்போது இந்தக் கேள்வியும் கூட வரும். மதுரையில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்துவிடுங்கள். கார்டு கணவரின் வேலை வழியாக வந்ததால், ஸ்பான்சர் செய்தவரின் வருமானத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் தொல்லையும் உங்களுக்கு இல்லை.

நான் செய்யச் சொல்வது

ஃபுட் ஸ்டாம்ப், மெடிக்கெய்டு இரண்டையும் இந்த வாரமே போடுங்கள். ஃபுட் ஸ்டாம்ப் விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்காகும். தள்ளிப்போட்டால் அந்த நாட்கள் போனதுதான். சாதாரணமாக 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் வாடகையும் கரண்ட் பில்லும் சேர்ந்து, மாத வருமானத்தையும் கையிருப்பையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருந்தால் 7 நாளில் கொடுக்க வேண்டும். நீங்கள் எழுதிய கணக்குப்படி அதிகமாகத்தான் இருக்கிறது. அவசரம் என்று சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் சில நேரம் யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம் இலவச சட்ட உதவி. உங்கள் பகுதிக்கு லீகல் சர்வீசஸ் ஆஃப் ஈஸ்டர்ன் மிசௌரி இருக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அவர்கள் உதவலாம். முதல் சந்திப்பிலேயே இரண்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: உதவிப் பணம், குடிவரவு. ஒன்றை மட்டும் சொன்னால் அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் கிடைக்கும். 2023இலேயே சிட்டிசன்ஷிப் கேட்டிருக்கலாம்; "அப்புறம் பார்க்கலாம்" என்று கணவர் தள்ளிவிட்டார் என்கிறீர்கள். அதையும் அன்றே வக்கீலிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

டேன்ஃப் கேட்டால், பிள்ளைகளுக்கான ஜீவனாம்சத்தைக் கணவரிடமிருந்து வசூலிக்க மாநிலத்தோடு ஒத்துழைக்க வேண்டும் என்ற நிபந்தனை வரும். அவரைத் தேடிப்பிடிக்கிற வேலையை மாநிலம் செய்யும். அது உங்களுக்கு லாபம். அவர் எப்போதாவது கை ஓங்கியிருந்தால், மிரட்டியிருந்தால், கடிதத்தில் எழுதாமல் விட்டிருந்தாலும் வக்கீலிடம் மறைக்காதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு.

தூக்கத்துக்கு மருத்துவரைப் பாருங்கள். 2021 அக்டோபரிலிருந்து மிசௌரியில் குறைந்த வருமானமுள்ள பெரியவர்களுக்கும் மெடிக்கெய்டு கிடைக்கிறது. உங்களுக்கும் சேர்த்தே கேளுங்கள், பிள்ளைகளுக்கு மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எட்டு மாதமாகத் தனியாக இரண்டு பிள்ளைகளோடு தூங்காமல் கிடப்பதற்கு முறையான மருந்தும் உண்டு, பேச ஆளும் உண்டு.

கை நீட்டுவது பற்றி. கணவர் சம்பாதித்த வருடமெல்லாம் அவர் சம்பளத்திலிருந்து பிடித்த வரியிலும், நீங்கள் கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் கொடுத்த விற்பனை வரியிலும் இந்தப் பணம் இருக்கிறது. உங்கள் மாமியார் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பாரா எழுதியிருக்கிறீர்கள். அவருக்குச் சொல்ல வேண்டியது அவருடைய பிள்ளை.

கடைசியாக, விண்ணப்பம் போட்ட பிறகு ஃபுட் ஸ்டாம்புக்கு ஒரு போன் இன்டர்வியூ இருக்கும். மிசௌரியில் அந்த போன் வரிசை பெயர்போனது. மணிக்கணக்கில் காக்க வைத்தது சட்டமீறல் என்று 2024 மே மாதம் மத்திய நீதிபதி ஒருவர் தீர்ப்பே எழுதியிருக்கிறார். நீங்கள் அழைத்த நேரம், எவ்வளவு நேரம் லைனில் இருந்தீர்கள், எப்போது துண்டித்தது எல்லாவற்றையும் சின்னவரின் டிராயிங் நோட்டிலாவது குறித்து வையுங்கள். இன்டர்வியூ தவறியதால் நிராகரித்தோம் என்றால் அந்தக் குறிப்புதான் உங்கள் சாட்சி. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், காசு வாங்காமல் ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. அந்த வாரம் மட்டும், தெரியாத நம்பர் என்று போனை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.